இடுப்பு வலின்னாலே டிஸ்க் பிரச்சனைதானா? பலரும் கவனிக்காத 'எஸ்.ஐ.' மூட்டு.. அறிகுறிகள் என்னென்ன?

இடுப்பு வலிக்குது என்று சொன்னாலே, 'டிஸ்க் ப்ராப்ளமா இருக்கும்' என்று பக்கத்தில் இருப்பவர்களே முடிவு சொல்லிவிடுவார்கள். ஆனால் நாள்பட்ட கீழ் முதுகு வலியில் சுமார் 15 முதல் 30 சதவீதம், டிஸ்க்கிற்குக் கீழே உள்ள வேறொரு மூட்டில் இருந்து வருவதாக மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. அதுதான் சேக்ரோஇலியாக் மூட்டு. சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு.

எங்கே இருக்கிறது?

முதுகெலும்பின் அடியில் 5 எலும்புகள் ஒன்றாக இணைந்து முக்கோண வடிவில் இருக்கும். இதன் பெயர் சேக்ரம். அதன் இரு பக்கமும் இடுப்பு எலும்பு வந்து சேரும் இடமே எஸ்.ஐ. மூட்டு. முழங்கால் போல இது மடங்காது; சில டிகிரி மட்டுமே அசையும். மேல் உடம்பின் எடையைக் கால்களுக்குக் கடத்துவதுதான் இதன் முக்கிய வேலை.

ஏன் கவனிக்கப்படுவதில்லை?

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடுப்பு வலிக்கு இந்த மூட்டையே மருத்துவர்கள் பெரிதும் சந்தேகித்தனர். 1934-ல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகியோர் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவதை விளக்கிய பிறகு, கவனம் முழுக்க டிஸ்க் பக்கம் திரும்பியது. இத்தனைக்கும் வலியே இல்லாத பலருடைய ஸ்கேனிலும் டிஸ்க் பிதுக்கம் தெரியும்.

அறிகுறிகள் என்ன?

* இடுப்புக்குக் கீழே, ஒரு பக்கமாக, ஒரே விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு வலி
* உட்கார்ந்து எழும்போதும், படி ஏறும்போதும், படுக்கையில் புரளும்போதும் வலி அதிகரிப்பது
* பிட்டம், தொடை வரை வலி பரவுவது

கீழே விழுந்து அடிபட்டவர்கள், முதுகெலும்பில் இணைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இது வரலாம். கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்வதாலும் வரும்.

இளைஞர்களே உஷார்!

45 வயதுக்கு முன்பே தொடங்கி 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கும் மேல் இறுக்கம், ஓய்வெடுத்தால் அதிகமாகி நடமாடினால் குறையும் வலி.. இவை இருந்தால் 'ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்ற வாத நோயாக இருக்கலாம். இது பெரும்பாலும் எஸ்.ஐ. மூட்டில்தான் ஆரம்பிக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே வரலாம். எம்.ஆர்.ஐ.யில் முன்கூட்டியே தெரிய வாய்ப்பு உண்டு. அதனால் 'எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லை' என்று விட்டுவிடாமல் வாத நோய் நிபுணரைப் பார்ப்பது அவசியம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, குனிய நிமிர முடியாத நிலை வரும்.

சிகிச்சை என்ன?

பலருக்கு பிசியோதெரபி, மருத்துவர் தரும் மாத்திரைகளே போதும். குறையாவிட்டால் மூட்டில் ஊசி போடப்படும். அறுவை சிகிச்சை சிலருக்கு மட்டுமே.

இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலவீனமானாலோ தாமதிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.