தமக்கான வேடத்தைத் தாமே எழுதிக்கொண்ட லியா பர்செல்

‘வென்ட்வர்த்’ என்ற ஆஸ்திரேலியச் சிறைச்சாலைத் தொடரைப் பார்த்தவர்களுக்கு ரீட்டா கானர்ஸ் என்ற கைதியை மறந்திருக்க முடியாது. 2018 முதல் 2021இல் தொடர் முடியும்வரை அந்த வேடத்தில் வந்தவர் லியா பர்செல். வெளிநாட்டு ரசிகர்களில் பலர் அவரை அந்தத் தொடர் மூலமாகவே அறிந்துகொண்டனர். ஆஸ்திரேலிய நாடக உலகில் அவருடைய பெயர் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நிலைபெற்றுவிட்டது. நடிகை, பாடகர், நாடக ஆசிரியர், நாவலாசிரியர், இயக்குநர் எனப் பல பணிகளைச் செய்திருக்கும் அவர், ஆஸ்திரேலியாவின் முழுநீளத் திரைப்படம் ஒன்றை எழுதி, இயக்கி, அதில் நாயகியாகவும் நடித்த முதல் பூர்வகுடிப் பெண் ஆவார்.

லியா பர்செல் 1970ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் மர்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கோவா, குங்காரி, வாக்கா வாக்கா ஆகிய பூர்வகுடி இனங்களைச் சேர்ந்தவர். குவீன்ஸ்லாந்துப் பூர்வகுடி மக்கள் தங்களைப் பொதுவாக ‘மர்ரி’ என்று சொல்லிக்கொள்வார்கள். தாயார் ஃபுளோரன்ஸ் பூர்வகுடிப் பெண். தந்தை வெள்ளையர், குத்துச்சண்டைப் பயிற்சியாளர். ஏழு பிள்ளைகளில் லியா கடைக்குட்டி.

மர்கனுக்கு அருகில் செர்பர்க் என்ற ஊர் இருக்கிறது. அதன் பழைய பெயர் பரம்பா. குவீன்ஸ்லாந்தில் 1897ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட ‘பாதுகாப்பு’ச் சட்டத்தின்கீழ், மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பூர்வகுடி மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்திய முகாம்களில் அதுவும் ஒன்று. ஒருவர் எங்கு வசிக்கலாம், யாரைத் திருமணம் செய்யலாம், உழைத்த கூலியில் எவ்வளவு கையில் பெறலாம் என்பதையெல்லாம் அதிகாரிகளே தீர்மானித்தனர். பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிகளில் அடைக்கப்பட்டார்கள். லியாவின் பாட்டியும் சிறு வயதில் குடும்பத்திடமிருந்து பிரித்து எடுக்கப்பட்டவர். லியா பிறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1967இல் நடந்த பொது வாக்கெடுப்பில்தான் பூர்வகுடி மக்களையும் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க ஆஸ்திரேலியர்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவளித்தனர்.

இந்தப் பின்னணியைத் தள்ளி வைத்துவிட்டு லியாவின் கலைப் பயணத்தைப் பேச முடியாது. அவர் எழுதிய ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழியில் மர்கனுக்கும் செர்பர்க்குக்கும் திரும்பிப் போகிறது.

சிறுமியாக இருந்தபோது வீட்டில் பெரும்பாலும் தாயும் மகளும் மட்டுமே இருப்பார்கள். தாயார் மகளுக்கு ஒரு கதையை மீண்டும் மீண்டும் படித்துக் காட்டுவார். ஹென்றி லாசன் எழுதி 1892இல் ‘தி புல்லட்டின்’ இதழில் வெளிவந்த ‘தி டிரோவர்ஸ் வைஃப்’ என்ற சிறுகதை அது. ஆஸ்திரேலியப் பள்ளிப் பாடங்களில் இடம்பெறும் புகழ்பெற்ற கதை. கணவன் ஆட்டு மந்தை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வெளியூரில் இருக்க, காட்டுக்குடிலில் நான்கு பிள்ளைகளோடும் ஒரு நாயோடும் தனித்திருக்கும் ஒரு பெண், வீட்டுக்குள் புகுந்துவிட்ட பாம்புக்காக இரவு முழுவதும் விழித்திருக்கிறாள். இறுதியில் மூத்த மகன் தாயின் முகத்தைப் பார்த்து, தான் ஒருபோதும் மந்தை ஓட்டப் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அந்த மகனின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்தே அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததாக லியா பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

பதின்ம வயதின் இறுதியில் அவர் தாயாரை இழந்தார். இளம் வயதிலேயே ஒரு பெண் குழந்தைக்குத் தாயுமானார். மர்கனில் தங்கிவிட்டால் தம் வாழ்க்கை எப்படிப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, ஊரைவிட்டு வெளியேறினார்.

மேடைக்கு அவரை அழைத்துச் சென்றது பாட்டு. 1993இல் ‘பிரான் நியூ டே’ என்ற இசை நாடகத்தின் நாடு தழுவிய பயணத்தில் அவர் சேர்ந்தார். மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரைச் சேர்ந்த ஜிம்மி சீயும் அவருடைய ‘கக்கல்ஸ்’ இசைக்குழுவினரும் உருவாக்கிய அந்த நாடகம், 1990இல் பெர்த்தில் அரங்கேறியது. முத்துக்குளிக்கும் தொழிலுக்காக மலாய்க்காரர்களும் ஜப்பானியர்களும் சீனர்களும் வந்து பூர்வகுடி மக்களோடு கலந்த ஊர் புரூம். ஜிம்மி சீயும் அப்படிப்பட்ட கலப்புக் குடும்பத்தில் வந்தவரே. பூர்வகுடி மக்களின் துயரத்தைச் சிரிப்பும் பாட்டுமாகச் சொல்ல முடியும் என்று அந்த நாடகம் காட்டியது. லியாவின் பிற்காலப் படைப்புகளிலும் அந்தப் பாணி தொடர்கிறது.

1996இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்து, கேபிள் இசை ஒளிவழி ஒன்றில் நிகழ்ச்சிப் படைப்பாளராகப் பணியாற்றினார். ‘போலிஸ் ரெஸ்கியூ’, ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ ஆகிய தொலைக்காட்சித் தொடர்களில் வாய்ப்புகள் வந்தன. ஆனால் அவருடைய பெயரை நிலைநாட்டியது 1997இல் மேடையேறிய ‘பாக்ஸ் தி போனி’.

சிட்னி ஒலிம்பிக் போட்டியை முன்னிட்டு நடத்தப்பட்ட கலை விழாக்களில் முதலாவது, பூர்வகுடிக் கலைகளுக்கென ஒதுக்கப்பட்ட ‘ஃபெஸ்டிவல் ஆஃப் தி ட்ரீமிங்’. அதில் பூர்வகுடிப் பெண்கள் தனித்து நடிக்கும் நாடகங்களின் வரிசையில் ‘பாக்ஸ் தி போனி’ இடம்பெற்றது. லியாவும் ஸ்காட் ராங்கினும் சேர்ந்து எழுதிய அந்த நாடகத்தில் ஸ்டெஃப் என்ற பெண்ணின் கதை வருகிறது. அது பெரும்பாலும் லியாவின் சொந்தக் கதைதான். மர்கனில் வளர்ந்தது, குடும்பத்தில் குடியும் அடியும், குத்துச்சண்டை, இளம் வயதில் தாயானது, தப்பி ஓடியது என எல்லாவற்றையும் ஒரே ஆளாக நின்று பேசினார், பாடினார், சிரிக்க வைத்தார். பாட்டியைப் பிரித்துச் சென்ற நிகழ்வு அதில் பாடலாக வருகிறது. அவரைப் பற்றிய குறிப்புகளில் ‘பாடகர்’ என்பது பெரும்பாலும் கடைசிச் சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் அவருடைய நாடகங்களில் வசனம் நின்று போகும் இடங்களைப் பாட்டுதான் தாண்ட வைக்கிறது. நாடகம் எடின்பரோவுக்கும் லண்டன் பார்பிகன் அரங்குக்கும் போனது, நூலாகவும் வெளிவந்தது.

அடுத்து அவர் மற்றப் பெண்களின் பக்கம் திரும்பினார். ‘பிளாக் சிக்ஸ் டாக்கிங்’ என்ற திட்டத்துக்காக ஒன்பது பூர்வகுடிப் பெண்களுடன் உரையாடினார். நடிகை டெபோரா மெயில்மன், ‘மிஸ் ஆஸ்திரேலியா’ பட்டம் வென்று பின்னர் டாஸ்மேனிய அரசியலுக்கு வந்த கேத்ரின் ஹே போன்றவர்கள் அதில் இருந்தனர். நகரத்தில் வளர்ந்தவர், முகாமில் வளர்ந்தவர், வெளிர் நிறத் தோலால் ‘நீ பூர்வகுடியே அல்ல’ என்று கேட்டுக்கொண்டே வாழ்பவர் எனப் பலதரப்பட்ட பெண்கள். அது ஆவணப்படமாகவும், 2002இல் நூலாகவும், மேடை நாடகமாகவும் வந்தது. ஒரே விஷயத்தைப் பல வடிவங்களில் செய்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

திரைப்படங்களில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் துணை வேடங்கள். 2001இல் ரே லாரன்ஸ் இயக்கிய ‘லன்டானா’ படத்தில் ஆண்டனி லபாக்லியாவுடன் பணியாற்றும் துப்பறியும் அதிகாரி கிளாடியாவாக வந்தார். அந்தப் பாத்திரத்தின் இனம் கதையில் ஒரு பொருட்டாகவே இல்லை. அவர் ஒரு போலிஸ்காரர், ஒரு தோழி, அவ்வளவுதான். பூர்வகுடி நடிகர்களுக்குப் பாதிக்கப்பட்டவர் அல்லது குற்றவாளி வேடமே வழக்கமாக இருந்த காலத்தில் அது சிறிய விஷயமல்ல. ‘சாமர்சால்ட்’, ‘தி புரொபோசிஷன்’, மீண்டும் ரே லாரன்சின் ‘ஜிண்டபைன்’ ஆகிய படங்கள் தொடர்ந்தன.

மேடையை அவர் விடவில்லை. சிட்னியின் பெல்வோர் அரங்கம் அவருக்கு இரண்டாவது வீடு போல. பெண் பிள்ளைகளை அடைத்து வைத்த சீர்திருத்த இல்லம் ஒன்றின் முன்னாள் வாசிகள் சொன்னவற்றை வைத்து எழுதப்பட்ட ‘பாராமட்டா கேர்ள்ஸ்’ நாடகத்தில் 2007இல் அங்கு நடித்தார். பூர்வகுடி எழுத்தாளர் ரூபி லாங்ஃபோர்ட் கினிபியின் தன்வரலாற்றைத் தனிநபர் நாடகமாக்கி நடித்ததும் அங்கேதான். 2012இல் தொடங்கிய ‘ரெட்ஃபர்ன் நவ்’ தொலைக்காட்சித் தொடரில் நடித்ததோடு இயக்கவும் செய்தார். பூர்வகுடிக் கலைஞர்களே எழுதி, இயக்கி, தயாரித்த அந்தத் தொடர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒரு திருப்பம்.

இத்தனைக்குப் பிறகே அவர் தாயார் படித்துக் காட்டிய அந்தக் கதையைக் கையில் எடுத்தார்.

லாசனின் கதையில் நாயகிக்குப் பெயர் கிடையாது. பூர்வகுடி மக்கள் அதில் ஓரமாக வந்து போகிறார்கள். பிரசவத்துக்கு உதவும் ‘கறுப்பு மேரி’ ஒருத்தி. விறகு அடுக்கித் தருவதாகச் சொல்லி, உள்ளே வெற்றிடம் விட்டு ஏமாற்றும் நாடோடி ஒருவன். லியா இந்த ஓரங்களைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்தார். நாயகிக்கு மாலி ஜான்சன் என்று பெயர் வைத்தார். விலங்கு மாட்டிய கழுத்தோடு, தப்பியோடும் யடாக்கா என்ற பூர்வகுடி மனிதன் அவள் குடிலுக்கு வருகிறான். தம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய குடும்பச் செய்திகளை அந்தப் பாத்திரத்தில் சேர்த்ததாக லியா சொல்லியிருக்கிறார். கணவன் ஏன் திரும்பவில்லை, மாலி யாருடைய மகள் என்ற இரண்டு கேள்விகளும் கதையை நகர்த்துகின்றன. லாசனின் பெண் வெள்ளைக்காரக் குடியேறிகளின் உழைப்புக்கும் பொறுமைக்கும் அடையாளமாக நூறாண்டுக்கு மேல் போற்றப்பட்டவள். அவளே பூர்வகுடி இரத்தம் உடையவளாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டதுதான் லியாவின் துணிவு.

2016இல் லெட்டீசியா காசெரெஸ் இயக்கத்தில் பெல்வோர் அரங்கில் நாடகம் மேடையேறியது. மாலியாக லியாவே நடித்தார். 2017இல் விக்டோரியா இலக்கியப் பரிசை நாடகம் வென்றது. 100,000 ஆஸ்திரேலிய வெள்ளி மதிப்புள்ள அந்தப் பரிசு அந்நாட்டின் ஆகப் பெரிய இலக்கியப் பரிசுகளில் ஒன்று. அதே ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் இலக்கிய விருதுகளில் ஆண்டின் சிறந்த நூலாகவும் அது தெரிவுபெற்றது. ஒரு நாடகப் பிரதி, நாவல்களையும் வரலாற்று நூல்களையும் பின்னுக்குத் தள்ளி இத்தகைய பரிசுகளைப் பெறுவது அரிது.

2019இல் அதை நாவலாக எழுதினார். பிறகு ‘தி லெஜண்ட் ஆஃப் மாலி ஜான்சன்’ என்ற துணைத் தலைப்போடு படமாக்கினார். வாழ்க்கைத் துணைவர் பெய்ன் ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து நடத்தும் ஊம்பாரா நிறுவனம் தயாரிப்பில் பங்குகொண்டது. நியூ சவுத் வேல்ஸின் பனிமலைப் பகுதியில் படப்பிடிப்பு நடந்தது. யடாக்காவாக ராப் காலின்ஸ் நடித்தார். மேடையில் ஒரே குடிலின் முற்றத்துக்குள் நடந்த கதை, திரையில் ஊர், நீதிமன்றம், தேவாலயம் என விரிந்தது. பெண்கள் கணவன்மாரிடம் அடிவாங்குவதைப் பற்றி எழுதத் துடிக்கும் லூயிசா என்ற ஆங்கிலேயப் பெண்ணும் சேர்ந்துகொண்டார். நாடகத்தின் இறுக்கம் படத்தில் சற்றுத் தளர்ந்துவிட்டது என்று சொல்ல இடமுண்டு. ஆனால் மாலியின் முகத்தைத் திரை முழுவதும் பார்ப்பது மேடையில் கிடைக்காத அனுபவம். கொவிட்-19 காரணமாகத் தள்ளிப்போன படம் 2022 மே மாதம் ஆஸ்திரேலியத் திரையரங்குகளுக்கு வந்தது. அவ்வாண்டு இறுதியில், ஆக்டா விருதுகளில் சிறந்த நடிகைக்கான விருதை லியா பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு ‘ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா’ விருதும் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது.

அதன் பின்னர் 2023இல் வெளிவந்த ‘ஷாய்டா’ படத்தில், கணவனிடமிருந்து தப்பி வரும் ஈரானியப் பெண் தஞ்சமடையும் காப்பகத்தின் பொறுப்பாளராக நடித்தார். 2024இல் ஒளியேறிய ‘ஹை கண்ட்ரி’ தொடரில் துப்பறியும் அதிகாரியாக முதன்மை வேடம். ‘லன்டானா’வில் துணை அதிகாரியாக வந்தவருக்கு வழக்கை முன்னின்று நடத்தும் வேடம் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

2023ஆம் ஆண்டின் இறுதியில் பிரிஸ்பனில் அவர் எழுதி இயக்கிய ‘இஸ் தட் யூ, ரூத்தி?’ நாடகம் அரங்கேறியது. ரூத் ஹெகார்ட்டி எழுதிய தன்வரலாறே அதன் மூலம். செர்பர்க் விடுதியில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ந்தவர் ரூத். இருட்டில் ஏதேனும் சத்தம் கேட்டால் விடுதிக் காப்பாளர் அவர் பெயரைச் சொல்லி அதட்டும் கேள்விதான் நூலின் தலைப்பு. லியாவின் ஊரிலிருந்து சில நிமிட கார் பயணத்தில் இருக்கும் அந்த விடுதியின் பிள்ளைகள், அந்த நாடகத்தில் மாநிலத் தலைநகரின் மேடைக்கு வந்தார்கள்.