நெய்வேலியில் நிலக்கரிக்கு முன்னால் தண்ணீர்

கம்மாபுரம் பக்கத்துப் பிள்ளைகளிடம் "நெய்வேலியில் என்ன எடுக்கிறார்கள்?" என்று கேட்டால் "நிலக்கரி" என்பார்கள். அதற்கு முன் தண்ணீரை எடுத்தாக வேண்டும் என்பதை வகுப்பில் நான் விளக்கியபோதெல்லாம் வியப்பாகத்தான் கேட்டார்கள். அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியபோது கறுப்புத் துகள்கள் வந்தன. தண்ணீர் தேடியதில் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. ஆனால் அந்த நிலக்கரிக்குக் கீழே உள்ள மணல் அடுக்குகளில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தக் காலத்தில் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கியது அதனால்தான்.

அழுத்தம் எவ்வளவு? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் வலு. மேலே 60 மீட்டர் மண் இருந்தால் அது அதே சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 12 கிலோ எடையோடு அமுக்கிப் பிடிக்கும். மண்ணை அள்ளிவிட்டால் மிஞ்சுவது 15 மீட்டர் நிலக்கரி. அதன் எடை 2 கிலோவுக்கும் குறைவு. குக்கரில் வெயிட்டை எடுத்த கதைதான். சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் புகுந்துவிடும்.

வழி ஒன்றே ஒன்று: சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் இறக்கி, இரவு பகல் நிறுத்தாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைப்பது. 1956-இல் நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது. அன்று தொடங்கிய இறைப்பு இன்றும் நிற்கவில்லை; சுரங்கம் உள்ளவரை நிற்கவும் முடியாது.

சென்னை மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டியவர்கள் வேறு வழியில் போனார்கள். எந்திரத்தின் முகப்பில் மண்ணின் அழுத்தத்தையே எதிர் அழுத்தமாக நிறுத்தி, பின்னாலேயே கான்கிரீட் வளையம் கட்டித் தண்ணீரை வெளியே தடுத்தார்கள். குழாய் போன்ற சுரங்கத்துக்கு அது சரி. வானம் பார்த்த திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மூடி போட முடியுமா?

இறைத்த நீர் வீணாகவில்லை. அனல் மின்நிலையம், நகரியம், வயல்கள், பஞ்ச காலத்தில் சென்னையின் குடம் வரை போயிருக்கிறது. ஆனால் தானாகப் பொங்கிய ஊற்றுகள் அடங்கின. உழவர்கள் ஆழமாகப் போர் போட்டு, மோட்டார் வாங்கி, கடனும் வாங்கினார்கள். நாட்டுக்கு வெளிச்சம் வந்த கணக்கை எழுதும்போது இந்தச் செலவையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஊற்று எந்த ஆண்டு நின்றது, முதல் போர் எத்தனை அடி, இப்போது எத்தனை அடி என்று கீழே எழுதுங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து வைக்கிறேன். அடுத்த தலைமுறை வரலாறு எழுதும்போது அது உதவும்.