மலை பெயர்ந்தாலும்

திருவண்ணாமலையில் 'சாமியார்' என்றால் காவி கட்டியவர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் அதே சொல் பங்குக் குருவைக் குறிக்கும். 'சாமியார் பூசை வைக்கிறார்' என்றால் திருப்பலி நடக்கிறது என்று பொருள். லுத்தரன் குடும்பங்களில் பாதிரியார் 'ஐயர்' ஆகிவிடுவார். 1950களின் தொடக்கத்தில் அண்ணாமலைச் சரிவுக் குகைகளில் தங்கிய ஒரு பிரெஞ்சுக்காரருக்கு 'சாமியார்' என்ற சொல் இரண்டு அர்த்தத்திலும் பொருந்தியது. காவி உடுத்தியிருந்தார், ரோமைத் திருச்சபையின் குருப்பட்டமும் பெற்றிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆன்றி லெ சோ. தமிழ் மண்ணில் எடுத்துக்கொண்ட பெயர் அபிஷிக்தானந்தா.

அவர் கதைக்குப் போகுமுன் ஒரு சங்கீதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவிலியத்தின் 46ஆம் சங்கீதம் ஆபத்துக்காலத்துப் பாட்டு. பூமி நிலை மாறி, மலைகள் பெயர்ந்து கடலில் விழுந்தாலும் பயமில்லை என்ற நெஞ்சுறுதியில் தொடங்கி, பத்தாவது வசனத்தில் சும்மா இருக்கச் சொல்லும் கட்டளைக்கு வந்து சேரும். இந்தச் சங்கீதம் மூன்று வெவ்வேறு வழிகளில் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அருணாசலம் என்ற பெயரில் உள்ள 'அசலம்' என்றால் அசையாதது. மலையே சிவமாக நிற்கும் ஊருக்கு, மலை பெயர்வதைப் பற்றிய பாட்டு வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் வழி டேனிஷ்காரர்கள். 1706இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய தரங்கம்பாடியை டென்மார்க் 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. டென்மார்க்கில் 1821இல் தொடங்கிய டேனிஷ் மிஷன் சங்கம் 1860களில் வேறு வாசல் வழியாகத் தமிழகத்துக்குள் வந்தது. லைப்சிக் மிஷனில் இருந்த ஜெர்மானியரான கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று சண்டையிட்டு வெளியேறி, தென்னார்க்காட்டின் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கியிருந்தார். அவரைச் சங்கம் சேர்த்துக்கொண்டது. பிறகு அந்தப் பணி திருக்கோவிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் பரவியது.

இவர்கள் தங்கள் வளாகங்களுக்கு வைத்த பெயர்களைக் கவனிக்க வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா, திருக்கோவிலூரில் சீலோவாம், திருவண்ணாமலையில் சாரோன். வாழ வந்த ஊர் அந்நியமானது, வெயில் கொடியது, எப்போது எந்தக் காய்ச்சல் வரும் என்று தெரியாது. வாசல் பெயராவது வேதாகமத்தில் படித்த, பழகிய பெயராக இருக்கட்டும் என்று எண்ணியிருப்பார்கள் போலும். அவர்கள் நடத்திய டேனிஷ் மிஷன் பள்ளியையும் சாரோனையும் தெரியாத திருவண்ணாமலைக்காரர் குறைவு.

லுத்தரன் வீட்டு விசுவாசம் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் காலையில் எழுந்ததும் என்ன சொல்ல வேண்டும், படுக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வரையறுத்துக் கொடுக்கிறது. காலை ஜெபம் முடிந்ததும் சந்தோஷமாக வேலைக்குப் போ என்பது அதிலுள்ள அறிவுரை. அன்று மாலை என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. தமிழ் வீடுகளில் இது குடும்ப ஜெபமாக வேரூன்றியது. இன்றும் புத்தாண்டு ஆராதனையில் வாங்கும் வாக்குத்தத்த அட்டை வேதாகமத்துக்குள் ஆண்டு முழுதும் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலும் மகளுக்கு வரன் பார்க்கும் நாளிலும் எடுத்துப் பார்ப்பார்கள். 46ஆம் சங்கீதம் இவர்களோடு பாட்டாகவே வந்தது. லுத்தரின் மிகப் புகழ்பெற்ற கீர்த்தனை அந்தச் சங்கீதத்திலிருந்து பிறந்ததுதான். அதை அவர் எழுதியது 1520களின் பிற்பகுதி. 1527இல் அவருடைய விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் புகுந்தது, மற்றவர்கள் ஊரைக் காலி செய்தபோது அவர் போகவில்லை.

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள திருக்கோவிலூரில், அதே டேனிஷ் மிஷனுக்காக 1916இல் வந்த இளம்பெண் எஸ்தர் ஃபேரிங் வேறொரு சோதனைக்கு ஆளானார். 1917 ஜனவரியில் சக ஊழியர் ஆன் மரி பீட்டர்சனுடன் அகமதாபாத் போய் காந்தியைப் பார்த்தார். அந்த உறவு மிஷன் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. காந்தியின் கடிதங்கள் அவருக்கு வந்தவண்ணம் இருந்தன. பிற்பாடு அவை தனி நூலாகவே வந்தன. கடைசியில் எஸ்தர் மிஷனை விட்டார். பீட்டர்சனும் விலகி, பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். 1921இல் அடிக்கல் நாட்டியவர் காந்தி. சம்பளமும் சங்கமும் போன பிறகும் இருவரும் கிறிஸ்தவத்தை விடவில்லை.

இரண்டாவது வழி எதிர்பாராதது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் மதுரையில் படித்தது அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில். பிற்காலத்தில் ரமண மகரிஷியாகத் தம்மைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களிடம் அவர் அடிக்கடி எடுத்துச் சொன்னது அந்த 46ஆம் சங்கீதத்தின் பத்தாவது வசனம். 'சும்மா இரு' என்ற தம் உபதேசம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டதாக அவர் கருதினார்.

மூன்றாவது வழியில் வந்தவர்தான் லெ சோ. 1910இல் பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் பிறந்தவர், ஏழு பிள்ளைகளில் மூத்தவர். 1929இல் கெர்கொனான் பெனடிக்டைன் மடத்தில் சேர்ந்தார். அந்தச் சபைத் துறவிகள் 150 சங்கீதங்களையும் வாரத்துக்கு ஒரு சுற்று ஓதி முடிப்பார்கள். ஆறாம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் அது. ஆக, லத்தீன் எண்ணிக்கையில் 45 என்று வரும் அதே சங்கீதத்தை அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுமுன் நூற்றுக்கணக்கான முறை ஓதியிருப்பார். 1948 ஆகஸ்டில் கொழும்பில் இறங்கி, குளித்தலையில் இருந்த ழூல் மொன்சானின் என்ற பிரெஞ்சுக் குருவிடம் வந்து சேர்ந்தார். 1949 ஜனவரியில் இருவரும் ரமணாசிரமத்துக்குப் போனார்கள்.

முதல் பார்வையில் லெ சோவுக்கு ஏமாற்றம்தான். பெரிய ஞானியைக் காணப்போனவர் கண்ணுக்குத் தன் தாத்தாவைப் போன்ற ஒரு முதியவர் தென்பட்டார். அங்கே தங்கியிருந்த ஆங்கிலப் பெண்மணி எதெல் மெர்ஸ்டன் அவரைக் கடிந்துகொண்டார்: மனசு முழுக்க மூட்டை முடிச்சுகளைச் சுமந்துகொண்டு வந்தால் என்ன தெரியும்? பிறகு காய்ச்சல் வந்து படுத்தார். காய்ச்சல் கனவுகளில், தன் கிறிஸ்தவக் கட்டங்களுக்குள் அடங்காத ஏதோ ஒன்று தன்னைத் தொட்டுவிட்டதை உணர்ந்ததாகப் பிற்பாடு எழுதினார். காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் இருவரும் 1950 மார்ச் 21, புனித பெனடிக்ட் திருநாளன்று சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அதற்கு நான்காவது வாரத்தில், ஏப்ரல் 14 இரவு, ரமணர் மறைந்தார்.

மகரிஷி போய்விட்டார், மலை இருக்கிறதே என்று லெ சோ 1952இலிருந்து குகைகளுக்கு வரத் தொடங்கினார். அருட்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்துக் குகை அவற்றில் ஒன்று. உண்மையான துன்பம் அங்கேதான் ஆரம்பித்தது. நோயோ பஞ்சமோ வந்தால் விசுவாசத்தைப் பிடித்துக்கொள்ளலாம். விசுவாசமே ஆட்டம் கண்டால்? அத்வைத அனுபவம் உண்மையென்றால் தான் தினமும் நிறைவேற்றும் பூசை என்ன, பூசை உண்மையென்றால் குகையில் கிடைத்த அமைதி என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் அலைக்கழிந்ததை அவருடைய நாட்குறிப்பு மறைக்காமல் சொல்கிறது. தோழர் மொன்சானினுக்கே அவருடைய போக்கு கவலை தந்தது. குகை அனுபவத்தை வைத்து எழுதிய 'குகாந்தரம்' என்ற கையெழுத்துப் பிரதியைப் பாரிஸில் இருந்த திருச்சபைத் தணிக்கையாளர் ஏற்கவில்லை. பிற மதங்களில் உள்ள உண்மையும் புனிதமும் மதிக்கத்தக்கவை என்று வாட்டிகன் ஏடு ஒன்று சொன்னது 1965இல். இவர் பத்து வருஷம் முந்திக்கொண்டார், அதற்கான விலையையும் கொடுத்தார்.

1955 டிசம்பரில் திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைச் சந்தித்தார். மொன்சானின் 1957இல் பாரிஸில் காலமான பின் சாந்திவனம் அவர் பொறுப்பாயிற்று. குகையில் எழுந்த அந்தக் கேள்விகளுக்கு முடிவான பதில் அவருக்குக் கடைசிவரை கிடைத்ததாகத் தெரியவில்லை. அவர் செய்தது மிகச் சாதாரணம்: குருத்துவத்தைத் துறக்கவில்லை, திருப்பலியை நிறுத்தவில்லை. உபநிடதத்தையும் கைவிடவில்லை. ஒன்றை விட்டிருந்தால் சீக்கிரம் நிம்மதி கிடைத்திருக்கும். மனசு எந்தப் பக்கம் சாய்ந்த நாளாக இருந்தாலும் அன்றைய பூசையை அன்றைக்கு முடிப்பது அவர் வழி. திருவண்ணாமலைக் கதையில் லுத்தரின் காலை ஜெபத்துக்கு மிக அருகில் வந்தவர் இந்தக் கத்தோலிக்கர்தான் என்று தோன்றுகிறது. இரு தரப்பினரும் அன்று இதை ஏற்றிருக்க மாட்டார்கள்.

1968இல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலத் துறவியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் உத்தரகாசிக்குப் போனார். 1973 ஜூலை 14ஆம் தேதி ரிஷிகேஷில் சாமான் வாங்கப் போன இடத்தில், பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பு வந்து தெருவோரத்தில் விழுந்தார். விழுந்து கிடந்த அந்தக் கணங்களைத் தன் வாழ்வின் பெரிய சாகசமென்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். டிசம்பர் 7ஆம் தேதி இந்தோரில் இறந்தார். அங்கே புதைக்கப்பட்ட அவருடைய எச்சங்கள் பல ஆண்டுகளுக்குப் பின் சாந்திவனத்துக்கு எடுத்துவரப்பட்டன. அந்த ஆசிரமத்தில் இன்றும் நாளுக்கு மூன்று வேளை கூட்டு வழிபாடு நடக்கிறது; சமஸ்கிருத மந்திரத்தோடும் தமிழ்ப் பஜனையோடும் அங்கே சங்கீதமும் ஒலிக்கிறது.