தனியார் காடுகளின் கார்பன் வருமானம்: நிலமற்றோருக்குப் பங்கு உண்டா?

மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துத் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. ஒரு திட்டத்தின் விளைவாகக் கூடுதலாகச் சேமிக்கப்படும் ஒவ்வொரு டன் வாயுவுக்கும் ஒரு கார்பன் வரவு வழங்கப்படுகிறது. புகை உமிழும் நிறுவனங்கள் அதனை விலைகொடுத்து வாங்கித் தம் உமிழ்வுக்கு ஈடு காட்டுகின்றன. காட்டின் உரிமையாளர் மரத்தை வெட்டாமலேயே வருமானம் பெறுகிறார். சூழலியல் ஏற்பாடாக மட்டுமே பேசப்படும் இதனை நிலவுரிமையின் கோணத்திலிருந்தும் நாம் ஆராய வேண்டியுள்ளது.

வருமானம் உருவாகும் முறை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2013 முதல் நடைமுறையில் உள்ள உமிழ்வு வணிகத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலில் காட்டின் மரங்கள் அளக்கப்படுகின்றன. திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு கார்பன் எஞ்சியிருக்கும் என்ற அடிப்படை அளவு கணிக்கப்படுகிறது. அதற்கு மேற்பட்ட அளவைச் சார்பற்ற தணிக்கையாளர் சரிபார்த்த பின்னரே வரவு வழங்கப்படும். தீயும் நோயும் உண்டாக்கும் இழப்பை ஈடுகட்ட, வரவுகளில் ஒரு பகுதி பொதுச் சேமிப்பில் வைக்கப்படும். வரவு பெற்ற பின் 100 ஆண்டுகளுக்கு அந்தக் கார்பனைக் காத்தாக வேண்டும்.

'கூடுதல்' என்பதே இங்குத் திறவுகோல். சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியதைச் செய்வதற்கு வரவு கோர முடியாது. தமிழ்நாட்டில் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் காடுகளில் மரம் வெட்ட அனுமதி பெற வேண்டும். எனவே 'வெட்டாமல் இருக்கிறோம்' என்று சொல்வது மட்டும் இங்குப் போதாது.

யாருக்குச் செல்லும்?

இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, 2023 ஜூனில் கார்பன் வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வேளாண்மைத் துறைக்கான தன்னார்வக் கார்பன் சந்தை வரைச்சட்டகத்தை ஒன்றிய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்டது. வேளாண் காடு வளர்ப்பும் இனி வருமான வழியாகக் கருதப்படும்.

அவ்வருமானம் பட்டா வைத்திருப்பவரையே சேரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடிப் பரப்பில் அவர்களிடம் இருப்பது 9 விழுக்காட்டிற்கும் குறைவு. கன்று நடுபவரும் காவல் காப்பவரும் கூலியோடு நிற்பர். ஒப்பந்தம் நீடிக்கும் காலமெல்லாம் விறகு பொறுக்கவும் ஆடு மாடு மேய்க்கவும் தடை வந்தால், அதன் சுமையும் அவர்கள் மீதே விழும். நிலம் வைத்துள்ள சிறு விவசாயிகளும் அளவீட்டுச் செலவைத் தனியே தாங்க இயலாமல் இடைத்தரகு நிறுவனங்களை நாட வேண்டியிருக்கும்.

நிலம் கையில் இருந்தால் நிலைமை மாறும். கலிபோர்னியாவின் யூரோக் பழங்குடியினர் கார்பன் வரவு விற்ற வருவாயையும் பயன்படுத்தி, தாம் இழந்த மூதாதையர் நிலத்தின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி மீட்டுள்ளனர்.

பஞ்சமி நிலமும் கார்பனும்

1892ஆம் ஆண்டின் அரசாணை வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை முதல் 10 ஆண்டுகள் விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே மாற்றலாம் என்பது விதி. அவ்விதியை மீறிப் பெருமளவு நிலம் பிறர் கைக்குச் சென்றுள்ளது. அத்தகைய நிலத்தில் மரம் நட்டுக் கார்பன் திட்டம் பதிவு செய்யப்படுமானால், ஆக்கிரமிப்பாளரின் கைக்கு மேலும் ஓர் ஆவணம் சேரும். மீட்புப் போராட்டம் இன்னும் கடினமாகும்.

ஆகவே ஒரு கார்பன் திட்டம் ஊருக்குள் வரும்போது நாம் கேட்க வேண்டியவை இவை: நிலத்தின் மூல ஆவணம் என்ன சொல்கிறது? ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு? வருவாயில் உழைப்பவருக்குப் பங்கு எழுதப்பட்டுள்ளதா? மேய்ச்சலும் விறகும் என்னவாகும்? மரம் எரிந்தால் இழப்பு யாருடையது? விடைகளைக் கிராம சபையில் எழுத்தில் பெற வேண்டும். பஞ்சமி நிலம் என்று தெரியவந்தால், திட்டம் பதிவாகும் முன்பே வருவாய்த் துறையிடம் ஆட்சேபம் அளிக்க வேண்டும்.