பனையோலைப் புழங்குபொருள்களும் யாழ்ப்பாணச் சமூகமும்

அருகிவரும் கைவினைகளைப் பேணல் வேண்டும் என்பது இன்று பலரும் உடன்படும் கருத்தாகும். ஆயின் எதனைப் பேணுவது, யாருக்காகப் பேணுவது என்னும் வினாக்கள் போதியவளவு எழுப்பப்படுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனையோலைப் புழங்குபொருள்களை முன்வைத்து இவ்வினாக்களை ஈண்டு நோக்குவோம்.

1850இல் கொழும்பில் பனை பற்றிய நூலொன்றை வெளியிட்ட வில்லியம் பேர்குசன், அம்மரத்தின் 801 பயன்களைக் கூறும் ‘தால விலாசம்’ என்னும் தமிழ்ச் செய்யுணூலைச் சுட்டியுள்ளார். அத்தகைய பயன்களுள் அடுக்களைக்குரியவை சிறப்பாக நோக்கற்பாலன. பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, ஆவி செறிந்து மேலெழுதற்கேற்பக் கூம்பு வடிவு பெற்றது. பாரஞ் சுமக்கவேண்டிய கடகம் நாரினாற் பொத்தப்பட்டது. சுளகு புடைத்தற்கும், பிளா கூழருந்துதற்கும் ஏற்ப அமைந்தன. வடிவத்தைத் தேவையே வகுத்தது.

இவ்வடிவங்களின் பின்னே ஓர் உழைப்பு ஒழுங்கும் இருந்தது. மரம் பெரும்பாலும் நிலவுடைமையாளருக்குரியது; அதில் ஏறியோர் சாதியால் ஒடுக்கப்பட்டோர். சத்தகத்தால் ஓலை வார்ந்து இழைத்த பெண்களின் உழைப்போ ஓய்வுநேர வேலையெனக் கருதப்பட்டுக் குறைந்த விலையே பெற்றது. எனவே, மரமேறுவோரின் பிள்ளைகள் கல்வி பெற்று வேறு தொழில்களை நாடியதை இழப்பென்று மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. அதில் விடுதலையும் உண்டு.

வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உள. அலுமினியப் பாத்திரங்கள் முன்னரே அடுக்களையுட் புகுந்தன. 1977இன் பின்னரான திறந்த பொருளாதாரம் மலிவான பிளாஸ்ரிக் பொருள்களைப் பெருக்கியது. 1983 முதல் 2009 வரையிலான போரிற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன, மக்கள் இடம்பெயர்ந்தனர்.

1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பயிற்சியும் விற்பனை வாய்ப்பும் அளித்துவந்துள்ளது. எனினும், உல்லாசப் பயணிகள் விரும்பும் அழகுப்பொருளாக மாத்திரம் எஞ்சும் கைவினை தன் வடிவங்களுக்குக் காரணமான வாழ்க்கைப் பயன்பாட்டை இழந்துவிடும். உணவு பொதியும் பொலித்தீன் தாள்கள் 2017இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டமை ஓலைப்பொருள்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கு மீள்வதற்கான ஒரு வாய்ப்பாகும்.

ஆகவே, பேணல் என்பது பழைய உறவுகளை மீட்பதன்று. ஓலை வெட்டுவோருக்குப் பாதுகாப்பான ஏறு கருவிகளும், இழைப்போருக்கு அவர் செலவிடும் நேரத்துக்கேற்ற கூலியும் கிடைத்தல் வேண்டும். பொருள்களின் பெயர்களையும் இழைப்பு முறைகளையும் முதிய பெண்களிடம் கேட்டுப் பதிவுசெய்தல் நமது ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். உழைப்பவருக்குச் சோறிடாத கைவினை நூதனசாலையில் மாத்திரமே நிலைக்கும்.