தகப்பன் வழியிலும் தொடரும் மார்பகப் புற்றுநோய்

கல்முனை, அக்கரைப்பற்று போன்ற எமது கரையோர ஊர்களின் முதியவர்களிடம் குடியைக் கேட்டால் தாயின் குடியையே சொல்வர். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம் இது. மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வதால் பிள்ளைகள் உம்மாவின் உறவுக்குள்ளேயே வளர்கின்றனர். வாப்பாவின் உம்மா எந்த நோயில் மௌத்தானார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குடிமுறைக்கு இது இழுக்கன்று. ஆயினும் மார்பகப் புற்றுநோய் விடயத்தில் இவ்வறியாமை ஆபத்தானது.

பி.ஆர்.சி.ஏ.1 என்பது புற்றுக்கட்டியை அடக்கும் மரபணுக்களில் ஒன்று. கலத்தினுள் டி.என்.ஏ. இழை அறுந்தால் அதனைப் பழுதுபார்ப்பது இதன் தொழில். 17ஆம் நிறமூர்த்தத்தில் இது இருப்பதை 1990இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளயர் கிங் காட்டினார்; 1994இல் மரபணுவே இனங்காணப்பட்டது. அடுத்த ஆண்டில் 13ஆம் நிறமூர்த்தத்தின் பி.ஆர்.சி.ஏ.2 இனங்காணப்பட்டது. ஒவ்வொன்றிலும் தாய்வழிப் பிரதியொன்றும் தந்தைவழிப் பிரதியொன்றும் எம்மிடம் உண்டு. பிறப்பிலேயே ஒன்று பழுதாயிருந்து, மற்றையதும் ஏதேனுமொரு கலத்தில் கெட்டுவிடின் அக்கலம் கட்டுப்பாடிழக்கக்கூடும்.

மார்பகப் புற்றுநோய்களுள் 5 முதல் 10 சதவீதமே பரம்பரையானவை. ஆனால் பழுதான பி.ஆர்.சி.ஏ.1 உள்ள பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 72 சதவீதமானோருக்கு மார்பகப் புற்றுநோயும், 44 சதவீதமானோருக்குச் சூலகப் புற்றுநோயும் ஏற்படலாமென 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று கணித்தது. பழுதைச் சுமக்கும் தந்தை, தான் நோயுறாமலே அதனைப் பிள்ளைகளுக்குக் கடத்தலாம். மகனாயினும் மகளாயினும் வாய்ப்பு சரிபாதி. சொந்தத்துக்குள் மணம் முடிக்காவிட்டால் பயமில்லை என்றெண்ணவும் இடமில்லை. ஒரு பழுதான பிரதியே போதும்.

மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடுமென நோயை மறைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவ்வச்சம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. எனினும் மறைக்கப்படும் செய்தி முதலில் தேவைப்படுவது அந்த மகளுக்குத்தான். பழுது இருப்பது நோய் இருப்பதாகாது. முன்கூட்டி அறிந்தவள் இளவயதிலேயே கண்காணிப்பைத் தொடங்கலாம், தடுப்புச் சத்திரசிகிச்சை பற்றி வைத்தியருடன் ஆலோசிக்கலாம்.

சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லும் பெண், சாச்சி, பெரியம்மாவுடன் வாப்பாவின் சகோதரிகளான மாமிமாரின் நோயையும், அது எந்த வயதில் வந்ததென்பதையும் சொல்லவேண்டும். 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், எவ்வயதிலும் சூலகப் புற்றுநோய், ஆணொருவருக்கு மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்றேனும் குடும்பத்தில் இருப்பின் மரபியல் ஆலோசனை கேட்கலாம். கொழும்பு மருத்துவ பீடத்தில் இதற்கெனப் பிரிவொன்றுண்டு. பரிசோதனையை இயன்றவரை நோயுற்ற உறவினரிடமே முதலில் செய்வது நல்லது. அவரிடம் பழுது கண்டறியப்பட்டால், மற்றையோரிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும்.