கிணற்றுக்குக் கட்டிய சுவர்: கொல்லிமலைக் கிறித்தவத்தில் தண்ணீர்

கிறித்தவத்தில் தண்ணீர் எதைக் குறிக்கிறது என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் யோர்தான் ஆற்றில் தொடங்கி ஞானஸ்நானத் தொட்டியில் முடித்துவிடுவார்கள். கொல்லிமலையின் வரலாறு அந்த வழித்தடத்தில் அடங்காது. மிஷனரிகள் மலையேறும் முன்பே இங்கே தண்ணீருக்குத் தெய்வத்தன்மை உண்டு. கொல்லி அறப்பள்ளி தேவாரத்தில் பெயர் சுட்டப்பட்ட தலம். ஆடிப்பெருக்கில் ஆகாய கங்கை அருவியில் நீராடி அறப்பளீசுவரரைக் கும்பிடுவது இன்றும் தொடரும் வழக்கம். எனவே தண்ணீர் புனிதமானது என்று மலைமக்களுக்கு யாரும் வந்து சொல்லத் தேவையிருக்கவில்லை.

வந்தவர்களின் மரபையும் பார்க்க வேண்டும். எரேமியா, ஊற்று நீரையும் தண்ணீர் நிற்காத வெடித்த தொட்டிகளையும் எதிரெதிராக நிறுத்துகிறார். யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் இயேசு ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசுவது ஒரு கிணற்றடியில்தான். தொடக்கத் திருச்சபையின் கையேடான ‘திதகே’ ஓடும் நீரில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது. அது கிடைக்காவிட்டால் வேறு நீர், போதிய நீரே இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்று தளர்த்துகிறது. பின்னாளில் குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதே பரவலானது. அதை மறுத்த இங்கிலாந்து பாப்டிஸ்டுகள் 1644ஆம் ஆண்டு இலண்டன் விசுவாச அறிக்கையில் முழுக்கையே விதியாக்கினார்கள். ரோமர் நிருபம் சொல்லும் சாவு, அடக்கம், உயிர்த்தெழுதல் மூன்றும் அந்த ஒரே முழுக்கில் அடங்கும் என்பது அவர்கள் வாதம். 1800 டிசம்பரில் செராம்பூரில் வில்லியம் கேரி, கிருஷ்ண பாலுக்கு ஹூக்ளி ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

இதே மரபின் கண்டிப்பான கிளைதான் 1861இல் தோன்றிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். அதன் ஊழியர் ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தார். 1913இல் ஈவ்லினை மணந்தார்; இருவரும் கொல்லிமலையில் குடியேறினார்கள். பல ஆண்டுகள் யாரும் மதம் மாறவில்லை. உள்ளூர்ப் பூசாரி எதிர்த்து நின்றார். 1918-19 விஷக்காய்ச்சலில் அவர் சாகக் கிடந்தபோது தம் கைக்குழந்தையை இந்தத் தம்பதியிடமே ஒப்படைத்தார். அதன் பிறகுதான் மலை இளகியது.

ஆனால் தண்ணீரின் கதை நோயாளிகளின் கால்களில் இருக்கிறது. நரம்புச் சிலந்தி என்னும் புழுநோய் அப்போது மலையில் பெருந்தொல்லை. தேங்கிய நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய உயிரி வழியாக இது உடலுக்குள் போகிறது. பெண்புழு சுமார் ஓராண்டில் ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் எழுப்பி வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் நனைப்பார். புழு காத்திருந்தது அதற்குத்தான்; அந்த நொடியில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் உதிர்த்துவிடும். படியிறங்கி நீர் மொள்ளும் கிணறென்றால் ஒருவர் கால் போதும், ஊரே குடித்து நோய் வாங்கிக்கொள்ளும்.

ஊழியத்துக்கு வருமுன் வெப்பமண்டல மருத்துவம் கொஞ்சம் படித்திருந்த ஜெஸ்ஸி, புழுவை ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குச் சிறிதாக வெளியே இழுப்பார். அவசரப்பட்டால் புழு அறுந்து கால் சீழ் பிடித்துவிடும். தகப்பனார் அப்படி இழுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த சிறுவன்தான், 1914இல் பிறந்து, இம்மலையில் வளர்ந்து, பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோய்க் கைகளைச் சீரமைத்த பால் பிராண்ட். ஜெஸ்ஸி சிகிச்சையோடு நிற்கவில்லை. கிணற்றில் யாரும் இறங்காதபடி சுற்றிலும் கல்சுவர் எழுப்பச் சொல்லி ஊர் ஊராகப் போனார்.

தண்ணீரில் இறங்கி முழுகினால்தான் ஞானஸ்நானம் என்று பிடிவாதம் பிடித்த மரபைச் சேர்ந்தவர் அவர். தண்ணீரில் இறங்காதீர்கள் என்று மலைமக்களிடம் மன்றாடியவரும் அவரே. இதில் முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஜீவத்தண்ணீர் என்று பிரசங்கிப்பவர் குடிக்கிற தண்ணீரில் புழு இருக்க விடலாமா? திதகே முதலிடம் கொடுத்த ஓடும் நீரில் நரம்புச் சிலந்தி பரவுவதில்லை என்பது தற்செயல்தான். சைக்ளாப்ஸ் பற்றி அதை எழுதியவருக்கு என்ன தெரியும்! அதில் இறையியல் தேடுவது மிகை.

1929இல் ஜெஸ்ஸி மலேரியா முற்றிக் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஓய்வு வயதில் மிஷன் கட்டுப்பாட்டை உதறிவிட்டு மலைக்குத் திரும்பிய ஈவ்லின், சுற்றியிருந்த மலைகளிலும் நரம்புச் சிலந்தி ஒழிப்பைத் தொடர்ந்தார். 1974இல், 95 வயதில் காலமானார். இந்தியா முழுவதும் நரம்புச் சிலந்தியிலிருந்து விடுபட்டதாக 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

மிஷன் வரலாறுகள் முழுக்குப் பெற்றோரின் எண்ணிக்கையைச் சொல்கின்றன. கொல்லிமலைத் திருச்சபையை இனி ஆராய வருபவர்கள் எந்தெந்த ஊரில், யார் கூலியில், யார் ஒப்புதலோடு கிணற்றுச் சுவர் எழுந்தது என்பதையும் மலையின் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.